முதல் பிறந்த நாளும் வீட்டில் எடுக்கும் புகைப்படமும்

 



ஆற்காட்டிலிருந்து ஆம்பூர் வரை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி என்று எந்த ஊருக்குப் போனாலும் இளம் பெற்றோர்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஹஜ்ரத், பிள்ளைக்கு ஒரு வயசு ஆகப் போகுது. மண்டபம், கேக் எதுவும் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். வீட்டிலேயே போன்ல நாலு போட்டோ எடுத்துக்கலாமா?"

கேட்பதற்குச் சிறிய கேள்வி. அதற்குள் பல கேள்விகள் இருக்கின்றன. புகைப்படம் கூடுமா? பிறந்த நாள் கொண்டாடலாமா? எடுத்த படத்தை யாருக்குக் காட்டுவது, எங்கே வைப்பது? இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை: பக்கத்து வீட்டில் ஸ்டூடியோவுக்குப் போய்ச் செலவழித்து எடுத்தார்களே, நாம் வீட்டில் எடுத்தால் மதிப்புக் குறைவாகத் தெரியாதா? இந்தக் கடைசிக் கேள்விதான் பல குடும்பங்களைக் கடனில் தள்ளுகிறது.

புகைப்படம் பற்றி உலமாக்கள்

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். உருவம் வரைபவர்களைப் பற்றியும், உருவப்படம் உள்ள வீட்டில் ரஹ்மத்தின் மலக்குகள் நுழைவதில்லை என்பது பற்றியும் புகாரியிலும் முஸ்லிமிலும் ஸஹீஹான ஹதீஸ்கள் இருக்கின்றன. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கேமரா எடுக்கும் படம் அந்த ஹதீஸ்கள் சொல்லும் உருவப்படம்தானா என்பதில்தான் கருத்து வேறுபாடு.

1914 முதல் 1920 வரை எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைக் முஹம்மத் பகீத் அல்முதீயீ இதைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார்கள். கேமரா புதிதாக எதையும் படைக்கவில்லை, அல்லாஹ் படைத்ததன் நிழலைப் பிடித்து நிறுத்துகிறது, எனவே இது கூடும் என்பது அவர்களின் வாதம். தேவ்பந்தில் முஃப்தியாக இருந்த மவ்லானா முஹம்மத் ஷஃபீ (ரஹ்) அவர்களோ, கையால் வரைந்தாலும் கருவியால் எடுத்தாலும் உருவம் உருவம்தான் என்று உருதுவில் விரிவாக எழுதினார்கள். அவர்களுடைய மகனார் முஃப்தி தகீ உஸ்மானீ அவர்கள், திரையில் மட்டும் தெரிகிற டிஜிட்டல் படம் காகிதத்தில் அச்சாகும் வரை அந்தச் சட்டத்திற்குள் வராது என்ற கருத்தைக் கொண்டவர்கள். தந்தையும் மகனும் ஒரே மத்ஹப், ஒரே கல்வி மரபு. ஆனாலும் கருவி மாறியபோது ஆய்வும் நகர்ந்தது.

கடுமையான கருத்து உடையவர்களும் பாஸ்போர்ட் போன்ற தேவைகளுக்குப் படம் எடுப்பதைத் தடுக்கவில்லை. ஹஜ்ஜுக்குப் போக வேண்டுமென்றாலே படம் வேண்டுமே! ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆதார் எடுக்கும்போதும் கைரேகை எடுப்பதில்லை, முகத்தைத்தான் படம் எடுக்கிறார்கள்.

ஆகவே உங்கள் மஹல்லாவில் நீங்கள் யாரிடம் மார்க்கம் கேட்டு நடக்கிறீர்களோ அந்த ஆலிமின் கருத்தைப் பின்பற்றுங்கள். போனில் படம் எடுக்காத குடும்பத்தைப் பார்த்து, எடுக்கிற குடும்பம் சிரிக்க வேண்டாம். எடுக்கிறவர்களைப் பார்த்து மற்றவர்கள் தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் பேணுதலாக இருக்கலாம். அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் உருவங்கள் உள்ள திரையைத் தொங்கவிட்டிருந்தபோது நபி (ஸல்) அவர்கள் அதை அகற்றினார்கள். பிறகு அந்தத் துணியைக் கிழித்துத் தலையணையாக ஆக்கிக்கொண்டார்கள். உயர்த்தி மாட்டுவதற்கும் சாதாரணமாகப் புழங்குவதற்கும் வேறுபாடு உண்டு என்று இமாம் நவவீ (ரஹ்) போன்றவர்கள் இதிலிருந்து விளக்கம் எடுத்திருக்கிறார்கள். கூடத்துச் சுவரில் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டுவதை விட்டுவிடுங்கள். பிரிண்ட் போட்டால் ஆல்பத்தில், பீரோவில் இருக்கட்டும். தொழுகிற இடத்துக்கு எதிரே வேண்டவே வேண்டாம்.

அந்தத் தேதிதான் வேண்டுமா?

ஸஹாபாக்கள் பிள்ளைகளுக்குப் பிறந்த நாள் கொண்டாடியதாக நாம் அறிந்த செய்தி இல்லை. அவர்கள் கொண்டாடிய நாள் ஏழாவது நாள். அன்று அகீகா கொடுத்தார்கள், தலைமுடி இறக்கினார்கள், பெயர் வைத்தார்கள். ஃபாத்திமா (ரழி) அவர்கள் தம் பிள்ளைகளின் முடியை நிறுத்து, அந்த எடைக்கு வெள்ளியை தர்மம் செய்தார்கள் என்று முவத்தாவில் வருகிறது. பெண் பிள்ளைகளின் முடியும் அதில் சேர்ந்திருந்தது என்பதைக் கவனியுங்கள்.

முதல் பிறந்த நாளுக்குப் பணம் சேர்த்து வைத்திருக்கும் பலர் அகீகா கொடுத்திருக்க மாட்டார்கள். பிரசவச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு என்று அப்போது முடிந்திருக்காது. ஷாஃபிஈ மத்ஹபில் பிள்ளை பருவமடையும் வரை தகப்பன் அகீகா கொடுக்க நேரம் இருக்கிறது. கையில் இருக்கும் பணம் பலூனுக்கா, ஆட்டுக்கா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். ஆண் பிள்ளைக்கு இரண்டு, பெண் பிள்ளைக்கு ஒன்று. முடியாதவர் ஆண் பிள்ளைக்கும் ஒன்று கொடுக்கலாம். ஆம்பூர்க்காரர்களுக்கு அந்தக் கறியை என்ன செய்வது என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை!

சரி, படம் எடுப்பதற்கு எந்த நாள்? ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாள். ஆங்கிலத் தேதிப்படி ஒரு வயது நிறையும் முன்பே, பத்து பதினோரு நாள் முன்னதாக, ஹிஜ்ரிப்படி பிள்ளைக்கு ஒரு வயது ஆகிவிடும். இதை ஒரு வசதியாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியில் பிள்ளைக்குச் சளி, காய்ச்சல் இல்லாத ஒரு நாள், கம்பெனி விடுமுறை உள்ள ஒரு நாள், தாதிமாவும் நானிமாவும் வந்து போகிற ஒரு நாள் கிடைக்கும். அன்று எடுங்கள். தேதிக்கு என்று தனிச் சிறப்பு எதுவும் இல்லை என்பது பிள்ளைக்கும் பின்னால் தெரிந்துகொள்ள நல்லதுதான்.

நாற்பது தோல்கள் பதனிட்ட தாய்

நம் ஊர்களுக்கு மிக நெருக்கமான ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும்.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு. மூத்தா போர்க்களத்தில் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரழி) ஷஹீதாகிவிட்டார்கள். மதீனாவில் அவர்களின் மனைவி அஸ்மா பின்த் உமைஸ் (ரழி) அவர்களுக்கு இன்னும் தகவல் தெரியாது. அன்று காலை வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று அவர்களே பிறகு சொல்லியிருக்கிறார்கள். இப்னு இஸ்ஹாக், அஹ்மத் ஆகியோர் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அன்று அவர்கள் நாற்பது தோல்களைப் பதனிட்டு முடித்திருந்தார்கள். மாவு பிசைந்து வைத்திருந்தார்கள். பிள்ளைகளைக் குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்து, சுத்தமாக்கி வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான் நபி (ஸல்) அவர்கள் வந்து, ஜஅஃபரின் பிள்ளைகளைக் கொண்டு வரச் சொன்னார்கள். வந்த பிள்ளைகளை அணைத்து முகர்ந்தார்கள். அவர்களின் கண்களிலிருந்து கண்ணீர் வழிந்தது. அதைப் பார்த்துத்தான் அஸ்மா (ரழி) அவர்கள், ஜஅஃபரைப் பற்றி ஏதாவது செய்தி வந்ததா என்று கேட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். தோல் வேலை செய்யும் வீடு, பிசைந்த மாவு, எண்ணெய் தேய்த்த பிள்ளைகளின் தலை, அவர்களை முகர்ந்து பார்க்கும் நபியவர்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வீடு நம் கண்முன் நிற்கிறதே! எந்தக் கேமரா எடுத்தது? ஒரு தாய் கவனித்து வைத்திருந்தாள், பிறகு சொன்னாள்.

தோல் வேலையை மட்டமாகப் பார்க்கிற பேச்சு நம் ஊரிலேயே உண்டு. முஃமின்களின் அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்களும் தோல் பதனிட்டவர்கள்தான். கையால் உழைத்து ஸதகா செய்தவர்கள். இதை எதற்காகச் சொல்கிறேன் என்றால், பிள்ளையோடு படம் எடுக்கலாம் வாருங்கள் என்றால், "இரு, குளிச்சிட்டு வேற சட்டை போட்டுட்டு வர்றேன், டேனரி வாடை அடிக்குது" என்று ஒதுங்கும் தகப்பன்மார்கள் இருக்கிறார்கள். குளித்துவிட்டு எடுப்பது நல்லதுதான், கெமிக்கல் பட்ட துணியோடு பிள்ளையைத் தூக்கக் கூடாது. கையையும் நன்றாகக் கழுவுங்கள். ஆனால் கழுவிய பிறகும் நகத்தில் சாயம் நிற்கும், உள்ளங்கை காய்த்திருக்கும். அந்தக் கையை மறைக்காதீர்கள். பிள்ளையின் விரல் அந்த விரலைப் பிடித்திருக்கட்டும், அதை ஒரு படம் எடுங்கள். தாவூத் (அலை) அவர்கள் தம் கை உழைப்பில் சாப்பிட்டதை நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் இறங்கி வரும் தாய்க்கும் இதுவேதான். படம் எடுக்கிறவள் எப்போதும் தாய். அதனால் எந்தப் படத்திலும் தாய் இருப்பதில்லை. போனை ஐந்து நிமிடம் வேறு யாரிடமாவது கொடுங்கள்.

வீட்டில் எப்படி எடுப்பது

பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம் (ரஹ்), ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருவதால்தான் நாம் பார்க்கிறோம் என்று விளக்கியவர். சிறிய துளை வழியே இருட்டறைக்குள் விழும் சூரிய கிரகணத்தின் பிறையுருவத்தையும் ஆராய்ந்தவர். அவர் காட்டிய பாடத்தை வைத்துக்கொண்டாலே படம் நன்றாக வரும்: எல்லாம் ஒளிதான்.

நம் ஊர்ப் பழைய தெருக்களில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும், நடு அறையில் பகலிலும் லைட் போட வேண்டும். அங்கே எடுக்காதீர்கள். முற்றம் இருந்தால் முற்றத்து ஓரம். இல்லையென்றால் ஜன்னல் அல்லது வாசல் பக்கம். பிள்ளையின் முகம் ஜன்னலைப் பார்க்கட்டும், உங்கள் முதுகு ஜன்னல் பக்கம் இருக்கட்டும், கொஞ்சம் விலகி நில்லுங்கள். மாறி நின்றால் முகம் கறுத்துப் போகும். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், பிள்ளை திடுக்கிட்டு முகம் சுளிக்கும். மாடியில் எடுப்பதானால் காலை ஏழு, எட்டு மணி அல்லது அஸருக்குப் பிறகு. வேலூர் வெயிலில் பதினொரு மணிக்கு மாடியில் உட்கார வைத்தால் படத்தில் கண்ணே இருக்காது, தரையும் சுடும்.

நீங்கள் நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் தலை பெரிதாக, கால் சிறிதாக வரும். தரையில் உட்காருங்கள், வேண்டுமானால் படுங்கள். போன் பிள்ளையின் கண் உயரத்துக்கு வரட்டும். தூங்கி எழுந்து பால் குடித்து முடித்த நேரம்தான் நேரம். கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். அழுதால் அழட்டும், அதுவும் ஒரு வயதுதான்.

பின்னணிக்கு வெளிர் நிற பெட்ஷீட் ஒன்று போதும். அதைவிடத் தூளி கட்டிய இடம், நானிமாவின் மடி, தாதா உட்காரும் நாற்காலி, பிள்ளை பிடித்து நிற்கப் பழகிய கதவு, இவை நல்ல இடங்கள். இருபது வருஷம் கழித்து அந்த வீடு இருக்குமோ இருக்காதோ.

சிலர் பிள்ளையின் கையில் குர்ஆனைக் கொடுத்து எடுக்கிறார்கள். ஒரு வயதுப் பிள்ளை எதைக் கொடுத்தாலும் வாயில்தான் வைக்கும்! முஸ்ஹஃபை அப்படிப் பயன்படுத்தக் கூடாது. கஅபா படம் உள்ள முஸல்லாவில் டயப்பரோடு உட்கார வைப்பதையும் தவிருங்கள். அடையாளம் வேண்டுமென்றால் தலையில் ஒரு தொப்பி போதும், அதையும் அவன் பிடுங்கி எறிந்துவிடுவான்.

கேக்கை முகத்தில் பூசி, தட்டில் நசுக்கி, மீதியைக் குப்பையில் போட்டு எடுக்கும் படங்கள் இப்போது பெருகிவிட்டன. கீழே விழுந்த உணவுக் கவளத்தையும் துடைத்துச் சாப்பிடச் சொன்ன நபியின் உம்மத் நாம். இனிப்புதான் வேண்டுமென்றால் ஆற்காட்டு மக்கன் பேடா வாங்கிப் பெரியவர்கள் சாப்பிடுங்கள். உள்ளே பருப்புகள் இருக்கும், பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள், தொண்டையில் சிக்கும். பலூனும் அப்படித்தான், வெடித்த துண்டு பிள்ளையின் மூச்சை அடைத்துவிடும். கட்டில் ஓரம், உயரமான ஸ்டூல் மீது உட்கார வைக்காதீர்கள். படம் எடுப்பவர் ஒருவர், கை நீட்டினால் பிள்ளையைப் பிடிக்கும் தூரத்தில் இன்னொருவர், இப்படி இரண்டு பேர் கட்டாயம் வேண்டும்.

எடுத்து முடித்ததும் படத்தை ஒரு தடவை பெரிதாக்கிப் பாருங்கள். பீரோ கண்ணாடியில் தலையில் துணியில்லாத சகோதரி தெரிவாள். பின்னால் கொடியில் துணி தொங்கும். அதை யாருக்கும் அனுப்பிவிட்டுப் பிறகு வருந்த வேண்டாம்.

யாருக்குக் காட்டுவது

வீட்டில் எடுப்பதற்கு மார்க்கம் விரித்துக் கொடுத்தாலும், ஊருக்குக் காட்டுவது வேறு விஷயம். ஸஹ்ல் இப்னு ஹுனைஃப் (ரழி) அவர்கள் குளிப்பதைப் பார்த்து ஆமிர் இப்னு ரபீஆ (ரழி) வியந்து பேசினார்கள், ஸஹ்ல் அங்கேயே சுருண்டு விழுந்தார்கள். பரக்கத் வேண்டி ஏன் துஆ செய்யவில்லை என்று நபி (ஸல்) அவர்கள் ஆமிரைக் கண்டித்தார்கள். முவத்தாவில் உள்ள செய்தி இது. இருவருமே நல்ல ஸஹாபிகள். கண்ணேறு பட, பார்ப்பவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. நபி (ஸல்) அவர்கள் ஹஸன், ஹுஸைன் (ரழி) இருவருக்காகவும் பாதுகாப்புத் தேடி ஓதிய துஆ புகாரியில் இருக்கிறது. அதை மனனம் செய்து பிள்ளை மீது ஓதுங்கள்.

அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் பிள்ளையில்லாத ஒரு மச்சி இருப்பாள். போன மாதம்தான் கரு கலைந்த ஒரு தங்கை இருப்பாள். அல்லாஹ் நாடியவர்களுக்குப் பெண் பிள்ளைகளையும், நாடியவர்களுக்கு ஆண் பிள்ளைகளையும் கொடுக்கிறான், நாடியவர்களைப் பிள்ளையில்லாமலும் ஆக்குகிறான் என்று ஷூரா அத்தியாயத்தில் வருகிறது. நாற்பது படங்களை அந்தக் குரூப்பில் கொட்டுவதற்குப் பதிலாக, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த மச்சி வீட்டுக்குப் போங்கள், அவள் மடியில் கொடுங்கள். விருப்பப்பட்டால் அவளே படம் எடுக்கட்டும். அவர்களுக்கும் அல்லாஹ் ஸாலிஹான பிள்ளைகளைத் தருவானாக!

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பற்றிக் கேட்டால், குளிக்கும் படம், துணியில்லாத படம் எதையும் போடவே கூடாது என்பேன். ஒரு வயதுப் பிள்ளைக்கு அவ்ரத் இல்லை என்று ஃபிக்ஹ் நூலைக் காட்டாதீர்கள். பிள்ளைக்கு நாளை பதினைந்து வயதாகும். படம் அங்கேயே இருக்கும். அது உங்கள் கையில் இருக்கும் அமானத்.

தகப்பன் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் நம்மிடம் நிறைய. பிள்ளை குப்புற விழுந்ததும், தவழ்ந்ததும், நின்றதும் அவருக்கு போனில்தான் தெரியும். அவருக்கு அனுப்புங்கள், தாராளமாக அனுப்புங்கள். மேக்கப் போட்ட படத்தை மட்டும் அனுப்பாதீர்கள். பிள்ளை சாப்பிட்டு முகமெல்லாம் அப்பிக்கொண்டது, தூங்குவது, செருப்பைக் கடிப்பது, இவைதான் அவருக்கு வேண்டும். மகனைப் பிரிந்த யஃகூப் (அலை) அவர்களுக்கு வந்து சேர்ந்தது யூஸுஃபின் சட்டைதான். அதன் வாசம் தூரத்திலேயே அவர்களுக்குத் தெரிந்தது. ஊரிலிருந்து யாராவது துபாய்க்கோ ரியாதுக்கோ போனால், பிள்ளைக்குச் சிறிதாகிப் போன ஒரு சட்டையையும் சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள்.

எழுதி வையுங்கள்

நபி (ஸல்) அவர்களின் மகனார் இப்ராஹீம் இரண்டு வயதுகூட நிறையாமல் ஹிஜ்ரி 10இல் இறந்துபோனார்கள். அந்தக் குழந்தை பால் குடித்து வளர்ந்தது மதீனாவின் மேட்டுப் பகுதியில் ஒரு கொல்லர் வீட்டில். நபி (ஸல்) அவர்கள் அங்கே போவார்கள், வீடு முழுக்கப் புகையாக இருக்கும், பிள்ளையை வாங்கி முத்தமிட்டுவிட்டுத் திரும்புவார்கள் என்று அனஸ் (ரழி) சொல்கிறார்கள். தாம் முன்னால் ஓடிப்போய், துருத்தியை நிறுத்துங்கள், அல்லாஹ்வின் தூதர் வருகிறார்கள் என்று கொல்லரிடம் சொன்னதையும் அறிவிக்கிறார்கள். முஸ்லிமில் இருக்கிறது. புகை, துருத்தி, முத்தம். படம் தர முடியாததையெல்லாம் அனஸ் தந்திருக்கிறார்கள்.

ஆகவே ஒரு நோட்டு வாங்குங்கள். எத்தனை பல், எத்தனை கிலோ, முதலில் சொன்ன வார்த்தை எது, தாதா எப்படிக் கூப்பிடுவார், எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவாள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். தடுப்பூசி அட்டையையும் அதிலேயே வையுங்கள். குறைமாதத்தில் பிறந்து, வேலூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வாரக்கணக்கில் இருந்த பிள்ளைகள் நம்மில் உண்டு. குழாய் செருகிய அந்த முதல் படத்தைச் சிலர் அழித்துவிடுகிறார்கள். அழிக்காதீர்கள். இப்போது எடுத்த படத்துக்குப் பக்கத்தில் அதையும் வைத்து, அன்று துஆ செய்தவர்களின் பெயர்களை எழுதி வையுங்கள்.

போன் தண்ணீரில் விழும், தொலையும். இன்னொரு போனிலோ பென் டிரைவிலோ ஒரு நகல் இருக்கட்டும். ஐந்நூறு படங்களில் பன்னிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்தாலும் நஷ்டமில்லை.

அகீகாவைத் தாமதமாகக் கொடுப்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின் சட்டத்தையும், கறியைப் பச்சையாகப் பங்கிடுவதா, சமைத்துக் கொடுப்பதா என்பதையும் அடுத்த ஜும்ஆவில் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.